"என்னைய மூட்டை மாதிரி தூக்காதீங்க!" - பேஷன்ட் லிஃப்ட் பயத்தைப் போக்குவது எப்படி?

அம்மாச்சி கட்டிலிலிருந்து நாலு விரற்கடை மேலே போயிருப்பார். அவ்வளவுதான்.

"எறக்குடா... எறக்கி விடுடா! என்னைய என்ன பருத்தி மூட்டைன்னு நெனச்சியா?"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்துவிட்டார். மாமா பதறிப்போய் இறக்கிவிட்டார். லிஃப்ட்டை வாடகைக்குக் கொண்டுவந்தவர், "முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் சார் கத்துவாங்க, போகப் போகப் பழகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டெலிவரிக்குக் கிளம்பிவிட்டார்.

பழகவில்லை. அடுத்த ஒன்பது நாள் அந்த மெஷின் விருதுநகர் வீட்டின் மூலையில் துண்டு காயப்போடும் கொடியாகத்தான் நின்றது. பக்கவாதத்தில் இடது கை, கால் விழுந்துபோன அம்மாச்சியை, மாமாவும் அத்தையும் பழையபடி கையாலேயே தூக்கினார்கள். பத்தாவது நாள் காலையில் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது வீட்டில் படுக்கையில் 2 பேர்.

வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிக்கொண்டு நான் ஊரில் இருந்த மாதம் அது. அந்த ஒன்பது நாளும் எங்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: 'அம்மாச்சி பிடிவாதம் பிடிக்கிறாங்க.' அது பிடிவாதம் இல்லை என்று புரிய இன்னொருவர் வர வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இப்படி ஒரு மெஷின் வந்திருந்தால், இல்லை வரப்போகிறது என்றால், இதை சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

பேஷன்ட் லிஃப்ட்... அப்படின்னா?

சொந்தமாக எழுந்து உட்காரவோ, நிற்கவோ முடியாதவரைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கோ, கம்மோடு சேருக்கோ மாற்றும் கருவிதான் பேஷன்ட் லிஃப்ட். கீழே விரியும் 2 கால்கள், அவற்றில் சக்கரங்கள், நடுவில் ஒரு தூண், மேலே நீளும் ஒரு கை, அதன் நுனியில் ஹேங்கர் மாதிரி ஒரு கம்பி. அந்தக் கம்பியில் 'ஸ்லிங்' என்ற துணித் தொட்டிலின் பட்டைகளை மாட்டுவார்கள். நோயாளி அந்தத் தொட்டிலில் உட்கார்ந்த வாக்கில் மேலே வருவார்.

சைக்கிளுக்குக் காத்தடிப்பது போல ஒரு கைப்பிடியை அடித்தடித்து உயர்த்துவது ஹைட்ராலிக் வகை. பட்டனை அழுத்தினால் பேட்டரியில் ஓடுவது எலெக்ட்ரிக் வகை. கொஞ்சமாவது காலில் பலம் உள்ளவர்களை நிற்கவைத்து மாற்றுவதற்கு 'சிட் டு ஸ்டாண்டு' என்று தனி வகை இருக்கிறது. சில மருத்துவமனைகளில் கூரையில் தண்டவாளம் போட்டு, அதில் ஓடும் லிஃப்ட்டும் உண்டு.

பல இடங்களில் இதை 'ஹோயர் லிஃப்ட்' என்பார்கள். ஹோயர் என்பது ஒருவருடைய பெயர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தைச் சேர்ந்த டெட் ஹோயர், விபத்தில் சிக்கி உடல் செயலிழந்தவர். தன்னைத் தூக்க மற்றவர்கள் படும் பாட்டையும், தூக்கப்படும்போது தான் படும் பாட்டையும் அனுபவித்தவர். ஆக, இந்த மெஷின் தூக்குபவரின் தலையில் மட்டும் உதித்தது கிடையாது. அதில் உட்கார வேண்டிய ஒருவரின் தேவையிலிருந்து வந்தது. உட்காருபவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

பெத்த புள்ளைங்க இருக்கும்போது மெஷின் எதுக்கு?

சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கையால் தூக்குவதுதான் பாசம், மெஷின் வைத்தால் பாசமில்லை என்று ஒரு நினைப்பு நமக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு கணக்கு பார்க்கலாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், நோயாளியைக் கையால் தூக்குவதற்குப் பரிந்துரைக்கும் உச்சவரம்பு 35 பவுண்டு. அதாவது ஏறக்குறைய 16 கிலோ. அதுவும் எல்லாம் சாதகமாக இருக்கும்போது. அரிசி மூட்டைக்கு 2 பக்கமும் பிடி இருக்கும், அது நெளியாது, பயப்படாது. மனித உடல் அப்படி இல்லை. 60 கிலோ உள்ள ஒருவரைத் தினமும் நாலைந்து தடவை தூக்கினால் தூக்குபவரின் இடுப்பு என்ன ஆகும் என்று மாமாவைக் கேட்டால் சொல்வார்.

தூக்கப்படுபவருக்கும் நஷ்டம்தான். பக்கவாதம் வந்தவரின் விழுந்துபோன கையைப் பிடித்தோ, அக்குளில் கைவிட்டோ இழுத்தால் தோள்பட்டை மூட்டு நழுவலாம், மாதக்கணக்கில் வலிக்கலாம். படுக்கையில் தரதரவென்று இழுக்கும்போது தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் இழுபட்டுப் படுக்கைப்புண்ணுக்கு வழிவிடும். தூக்க ஆள் இல்லை என்றால் அன்றைக்கு முழுக்கப் படுக்கைதான். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஜன்னல்கூடப் பார்க்காமல் நாள் போய்விடும்.

பயம் எங்கிருந்து வருது?

"என்ன பயம்? கீழ விழுந்துடுவோம்னுதானே?" என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் உள்ளே பல பயங்கள் இருக்கும்.

அந்தரம்: முதுகுக்கும் உட்காரும் பகுதிக்கும் கீழே இருந்த மெத்தை திடீரென்று காணாமல் போகும் அந்த நொடி. கால் தரையில் படாது, கைக்குப் பிடிமானம் இருக்காது. பக்கவாதம் வந்தவருக்கு உடம்பின் ஒரு பக்கம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். அவருக்கு லேசான ஆட்டம்கூடப் பெரிய ஊஞ்சலாகத் தெரியும்.

வலி: தொடைக்குக் கீழே பட்டை மடிந்திருக்கலாம். இறுகிப்போன முழங்கால் வளைய மறுக்கலாம். ஏற்கெனவே புண் இருக்கலாம்.

மூச்சு: ஸ்லிங்கில் உட்காரும்போது உடல் கொஞ்சம் குறுகி மடங்கும். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் வயிறு பெரிதாக இருப்பவர்களுக்கும் அது முட்டும்.

கூச்சம்: நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். பல ஸ்லிங்குகளின் பட்டைகள் தொடைகளுக்கு நடுவே வந்து மாட்டும். சேலையோ நைட்டியோ மேலே ஏறிவிடும். மகனும் மருமகனும் பேரனும் சுற்றி நிற்கும்போது ஒரு 80 வயது அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

கையாலாகாத்தனம்: எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று எதுவுமே தன் கையில் இல்லை. அத்தனை பேருக்கும் சமைத்துப்போட்டு, வீட்டையே நடத்தியவருக்கு இதுதான் பெரிய அடி.

இந்தக் கடைசிப் பயத்துக்கு மருந்து ரொம்ப சிம்பிள். கொஞ்சம் கட்டுப்பாட்டை அவர் கையில் திருப்பிக் கொடுப்பதுதான். கீழே வரும் டிப்ஸ் எல்லாமே சுற்றிச் சுற்றி அதைத்தான் செய்கின்றன.

மெஷின் வந்த நாள்: அவசரமே வேண்டாம்

1. முதலில் அறிமுகம். லிஃப்ட் வந்த அன்றைக்கே ஏற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு நாள், 2 நாள் கட்டிலுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி நிற்கட்டும். ஸ்லிங் துணியைக் கையில் கொடுங்கள். தொட்டு, இழுத்துப் பார்க்கட்டும். வெறும் மெஷினை ஏற்றி இறக்கி அதன் சத்தத்தைக் கேட்கவிடுங்கள். என்ன சத்தம் வரும் என்று முன்பே தெரிந்தால் அது திடுக்கிட வைக்காது.

2. முதலில் நீங்கள் உட்காருங்கள். தூக்கிப் பழகியவர் ஒருவர் கூட இருக்கும்போது, லிஃப்ட்டின் எடை வரம்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒருவர் ஸ்லிங்கில் உட்கார்ந்து காட்டலாம். இதில் 2 லாபம். பார்ப்பவருக்குத் தைரியம் வரும். உட்கார்ந்தவருக்கு அந்தரம் என்றால் என்ன என்று புரியும். நான் உட்கார்ந்தேன். 26 இன்ச் ஜீன்ஸ் போடுகிற எனக்கே, கால் தரையை விட்டதும் வயிற்றைப் பிசைந்தது.

3. எடைக் கணக்கைச் சொல்லுங்கள். லிஃப்ட்டிலும் ஸ்லிங்கிலும் எவ்வளவு எடை தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கும். 150 கிலோ தாங்கும் லிஃப்ட்டில் 58 கிலோ உள்ள ஒருவர் உட்காரப்போகிறார் என்றால், அந்த 2 எண்களையும் அவரிடமே சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாது" என்பதைவிட, "உங்களை மாதிரி 2 பேர் உட்கார்ந்தாலும் தாங்கும்மா" என்பது மனதில் நிற்கும். லிஃப்ட், ஸ்லிங் இரண்டில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் வரம்பு.

4. கரன்ட் கட் கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். "மேல போனப்புறம் கரன்ட் போயிடுச்சுன்னா?" என்பது நம் ஊரில் நியாயமான கேள்வி. எலெக்ட்ரிக் லிஃப்ட் ஓடுவது பேட்டரியில். பேட்டரி தீர்ந்தாலும் கையால் மெதுவாக இறக்கும் வசதி பொதுவாக இருக்கும். அது உங்கள் மாடலில் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, நோயாளியின் கண் முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

5. வீட்டை அளந்து பாருங்கள். லிஃப்ட்டின் கால்கள் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். அடியில் பெட்டி வைத்த பாக்ஸ் கட்டில் என்றால் போகவே போகாது. நிலைப்படி, மேடு, தரைவிரிப்பு எல்லாம் சக்கரத்துக்கு எதிரி. மெஷின் முட்டி முட்டி நின்றால் ஸ்லிங் ஆடும். ஸ்லிங் ஆடினால் பயம் வரும். சேரை லிஃப்ட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிடுங்கள். இது ஆளை ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றும் வண்டி இல்லை. நகரும் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

தூக்கும் நேரம்: ஸ்டெப் பை ஸ்டெப்

முதல் விதி, குறைந்தது 2 பேர். ஒருவர் மெஷினைப் பார்க்கட்டும், இன்னொருவர் ஆளைப் பார்க்கட்டும். எந்த மாடலாக இருந்தாலும் அதன் கையேட்டையும், உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வதையும்தான் முதலில் கேட்க வேண்டும். கீழே உள்ளவை பொதுவான வழிமுறைகள்.

நேரம்: சாப்பிட்ட உடனே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் வேண்டாம். டாக்டர் கொடுத்த வலி மாத்திரை இருந்தால் அது வேலை செய்யும் நேரமாகப் பாருங்கள். ஆபீஸுக்கு லேட் ஆகும் 8.45 மணி இதற்கு நேரமே இல்லை.

கண்ணாடி, காது மெஷின்: தூக்குவதற்கு முன்பு இரண்டையும் மாட்டிவிடுங்கள். என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாமல், கேட்கவும் முடியாமல் அந்தரத்தில் தொங்குவது யாருக்கும் பயம்தான்.

உடை: லூஸான பேன்ட் இருந்தால் நல்லது. நைட்டி என்றால், பட்டைகளை மாட்டுவதற்கு முன்பே மடியில் ஒரு போர்வையோ பெரிய துண்டோ போட்டுவிடுங்கள். துணி சக்கரத்திலோ கம்பியிலோ சிக்காமல் ஓரங்களைச் செருகிவிடுங்கள். கதவைச் சாத்துங்கள். வேலை இல்லாதவர்கள் வெளியே இருக்கட்டும். யார் மாட்ட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். மகளோ மருமகளோ மாட்டினால் போதும் என்று பல அம்மாக்கள் சொல்வார்கள்.

டியூப்கள்: யூரின் பேக் இருந்தால் டியூப் இழுபடக் கூடாது, பேக் சிறுநீர்ப்பைக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஆக்சிஜன், மூக்கு வழி உணவுக் குழாய் இருந்தால் நர்ஸிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ பழகிய பிறகே செய்யுங்கள்.

பட்டைகள்: ஸ்லிங்கை அடியில் நுழைக்க, ஆளை ஒரு பக்கம் புரட்டிப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி மீதியை இழுக்க வேண்டும். மடிப்பு, சுருக்கம் இல்லாமல் தொடைக்கு அடியில் கையால் தடவிப் பாருங்கள். 2 பக்கமும் ஒரே கலர் வளையத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கைகள் பட்டைகளுக்கு உள்ளே இருக்கட்டும். மார்போடு ஒரு சின்னத் தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லலாம். கைக்கு ஒரு வேலையும் கிடைக்கும், பிடிமானமும் கிடைக்கும்.

கால்களும் பிரேக்கும்: தூக்கும்போது லிஃப்ட்டின் அடிக்கால்கள் முழுதாக விரிந்திருக்க வேண்டும். போய் உட்காரும் வீல்சேருக்கும், கட்டிலுக்கும் பிரேக் போட்டிருக்க வேண்டும். லிஃப்ட்டின் சக்கரத்துக்குப் பிரேக் போடலாமா கூடாதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். தூக்கும்போது போடக் கூடாது என்று பல கையேடுகள் சொல்கின்றன. உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

2 இன்ச் விதி: ரொம்ப முக்கியமானது இதுதான். பட்டைகள் இறுகியதும் நிறுத்துங்கள். எல்லாக் கொக்கியும் சரியா என்று பாருங்கள். "வலிக்குதா? எங்கேயாவது அழுத்துதா?" என்று கேளுங்கள். அப்புறம் மெத்தையிலிருந்து 2 இன்ச் மட்டும் மேலே. மறுபடி நிறுத்துங்கள். பாதுகாப்பாகத் தூக்குவதற்கான வழியே இதுதான். பயத்தைக் குறைக்கும் வழியும் இதுவே. முதல் நாள் இந்த 2 இன்ச்சோடு முடித்துவிட்டுக் கீழே இறக்கிவிடலாம். சேருக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. "போனோம், வந்தோம், ஒண்ணும் ஆகல" என்ற அனுபவம் உடம்பில் பதிவதுதான் அன்றைய வேலை.

முகம் பார்த்து: மேலே எழும்பியதும் அவரைத் தூணைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ தொங்கவிடாதீர்கள். இரண்டாவது ஆள் அவர் முகத்துக்கு நேரே நின்று, முழங்காலிலோ தோளிலோ ஒரு கையை வைத்திருக்கட்டும். தேவைக்கு மேல் ஒரு இன்ச்கூட உயர்த்த வேண்டாம்.

இறக்கும்போது: முழங்காலைப் பின்பக்கமாக மெதுவாகத் தள்ளினால் இடுப்பு சேரின் உள்ளே போய் உட்காரும். இடுப்பு நன்றாக உள்ளே போய்விட்டதா என்று பார்த்த பிறகே பட்டைகளைக் கழற்றுங்கள். மேலே உள்ள கம்பி முகத்தில் இடிக்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாயும் மெஷின் மாதிரிதான்!

மெஷின் எவ்வளவு ஸ்மூத்தாக இருந்தாலும் நாம் பேசுவதில் எல்லாம் கெட்டுப்போகும்.

* ஒரே ஆள் பேசுங்கள். 4 பேர் 4 பக்கமிருந்து "அங்க பிடி, இங்க பிடி" என்று கத்தினால், ஏதோ தப்பு நடக்கிறது என்றுதான் மேலே இருப்பவருக்குத் தோன்றும்.
* ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் சொல்லுங்கள். "இப்போ இடது பக்கம் திரும்புறோம்", "இப்போ கொஞ்சம் மேல வர்றீங்க", "இப்போ சேர் உங்க முதுகுக்குப் பின்னாடி வரும்."
* "பயப்படாதீங்க" வேண்டாம். அதைக் கேட்டுப் பயம் போனவர் யாரும் இல்லை. "பயமாத்தான் இருக்கும். எங்க பயமா இருக்குன்னு சொல்லுங்க, நிறுத்திடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.
* 'தூக்குறோம்' என்ற வார்த்தையை முடிந்தவரை குறையுங்கள். சாமானைத் தூக்குவோம். மனிதரிடம், "சேருக்குப் போலாமா?", "எந்திரிச்சு உக்காருவோமா?" என்று கேட்கலாம்.
* 'கிரேன்', 'ஜே.சி.பி' ஜோக்குகளை அவர் அடித்தால் சிரியுங்கள். நீங்கள் அடிக்காதீர்கள்.
* ஸ்டாப் வார்த்தை வையுங்கள். "நில்லு" என்று அவர் சொன்னால் அடுத்த நொடி மெஷின் நிற்க வேண்டும், காரணம் கேட்காமல். ஒரு தடவை நிற்கவில்லை என்றாலும் நம்பிக்கை போய்விடும். கை நன்றாக வேலை செய்பவர் என்றால், பழகிய பிறகு ரிமோட்டை அவரிடமே கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

பேச முடியாதவர், மறந்துபோகிறவர்

பக்கவாதத்தில் பேச்சு போனவருக்குப் புரிதலும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. முன்கூட்டியே ஒரு சைகை பேசி வையுங்கள். கண்ணை இறுக மூடினால் நிறுத்து, ஒரு விரலைத் தூக்கினால் போகலாம் என்பது மாதிரி. முகம் சுளிப்பது, பல்லைக் கடிப்பது, நல்ல கை ஸ்லிங்கை இறுக்கிப் பிடிப்பது எல்லாமே பேச்சுதான்.

டிமென்ஷியா உள்ளவருக்கு நேற்று பழகியது இன்றைக்கு நினைவிருக்காது. ஆகவே, ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான். சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம், தினமும் அதே ஆள், அதே நேரம், அதே வரிசை. பிடித்த பழைய பாட்டு ஒன்றை போனில் மெதுவாக ஓடவிடலாம். அன்றைக்கு அவர் திமிறுகிறார், அடிக்கக் கை ஓங்குகிறார் என்றால் விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். நோயாளி பதற்றத்தில், அமைதியில்லாமல் இருக்கும்போது லிஃப்ட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ சொல்லும் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. திமிறினால் எடை ஒரு பக்கம் சாயும், லிஃப்ட் கவிழலாம். கட்டாயப்படுத்துவது மனதுக்கும் ஆபத்து, உடம்புக்கும் ஆபத்து.

சில நேரம் அவங்க பயம்தான் கரெக்ட்!

இனி எங்கள் கதையின் மிச்சம்.

மாமா படுத்த பிறகு, வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வருபவர். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் நோய்த் தணிப்பு சிகிச்சையும் கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

அவர் மெஷினைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். "பாட்டி, அன்னைக்கு மேல போனப்ப எங்க பயமா இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஒன்பது நாளில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி.

அம்மாச்சி டக்கென்று சொன்னார்: "இந்தத் தொடைய என்னமோ கிள்ளுச்சு. இடுப்பு வழுக்கிக்கிட்டே போச்சு. இவன்கிட்ட சொன்னா கேக்க மாட்டேங்கான்."

ஸ்லிங்கை எடுத்து விரித்துப் பார்த்தார்கள். லார்ஜ் சைஸ். அம்மாச்சிக்கு வேண்டியது மீடியம். பெரிய ஸ்லிங்கில் ஆள் உள்ளே அமுங்கி, இடுப்பு நழுவும். முழுதாக நழுவினால் கீழேதான். அவசரத்தில் மாட்டியதில் இடது தொடைப் பட்டையும் முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு அம்மாச்சி மட்டும் கத்தாமல், எங்களை அனுசரித்து வாயை மூடிக்கொண்டிருந்தால்? நினைத்தாலே எனக்கு இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. லிஃப்ட்டிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்கள், எலும்பு முறிந்தவர்கள், இறந்தவர்கள்கூட உண்டு என்று எஃப்.டி.ஏ எச்சரிக்கிறது.

ஆகவே, பயத்தைப் போக்குவதற்கு முன்னால் அந்தப் பயம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நிறுத்தி இறக்கிவிடுங்கள்:

* ஸ்லிங்கில் கிழிசல், தையல் பிரிந்தது, நூல் தொங்குவது, சாயம் போய் நைந்துபோனது
* சைஸ் பெரிதாகவோ சின்னதாகவோ இருப்பது, அந்த லிஃப்ட்டுக்குப் பொருந்தாத ஸ்லிங்
* இடுப்பு கீழே இறங்குவது, ஒரு பக்கம் சாய்வது
* மூச்சு முட்டுவது, தலைசுற்றல், புதிதாக ஏதாவது வலி
* மெஷின் தானாக இறங்குவது, வழக்கத்துக்கு மாறான சத்தம், போல்ட் ஆடுவது

சமீபத்தில் எலும்பு முறிவு, இடுப்பு அல்லது முதுகெலும்பு ஆபரேஷன் ஆனவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் லிஃப்ட் பக்கமே போக வேண்டாம். எந்த ஸ்லிங், எந்தக் கோணம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று கேளுங்கள். பிரிட்டனில், வேலையிடங்களில் மனிதர்களைத் தூக்கும் கருவிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவரைக் கொண்டு முழுதாகப் பரிசோதிக்க வேண்டும் என்று 1998-ம் ஆண்டின் விதியே இருக்கிறது. அந்த 6 மாதக் கணக்கை நம் வீட்டு லிஃப்ட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஸ்லிங்கை லேபிளில் சொன்னபடி மட்டும் துவையுங்கள். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ப்ளீச்சில் ஊறப்போட்டால் நூல் வீணாகிவிடும்.

அப்புறம் ஒரு விஷயம்... போனை உள்ளே வைங்க!

இதை எழுத எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். முதல் நாள் அம்மாச்சியை ஏற்றியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? வீடியோ எடுத்தேன். பேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட. 'அம்மாச்சியோட ஃபர்ஸ்ட் ரைடு' என்று கேப்ஷன்கூட யோசித்துவிட்டேன். அவர் கத்திய பிறகுதான் போனை இறக்கினேன்.

அவர் அதைப் பார்த்திருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் வந்துபோன அன்று ராத்திரி, எண்ணெய் தேய்த்துவிடும்போது மெதுவாகக் கேட்டார்: "தாயி, அந்தப் படத்த அழிச்சிட்டியா?"

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். எந்த முகத்தோடு நம்மை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பது நம் கையில் இருக்க வேண்டிய விஷயம். நாம் ஒரு செல்ஃபியை 12 தடவை எடுத்துவிட்டு ஒன்றைப் போடுகிறவர்கள். அவர்களுக்கு அந்த உரிமை இல்லையா? ஸ்லிங் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட்டுக்குக் காட்ட போட்டோ வேண்டும் என்றால், கேட்டுவிட்டு எடுங்கள், காட்டிவிட்டு அழித்துவிடுங்கள்.

மீடியம் ஸ்லிங் வந்தது. முதல் நாள் நான் உட்கார்ந்து காட்டினேன். என்னைப் பார்த்து, "உன் மொகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்று அம்மாச்சி சிரித்தார். அடுத்த நாள் அவர் 2 இன்ச். அதற்கு மறுநாளும் 2 இன்ச். "நில்லு" என்று 3 தடவை சொன்னார், சும்மா டெஸ்ட் பண்ணத்தான் என்று நினைக்கிறேன். மூன்று தடவையும் அத்தை நிறுத்தினார். ஐந்தாவது நாள் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு வந்தார்.

பயம் முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. இப்போதும் மெத்தையை விட்டு எழும்பும் நொடியில் கண்ணை இறுக மூடிக்கொள்வார், முருகனைக் கூப்பிடுவார். அத்தையும் அவர் கண்ணைத் திறக்கும்வரை அப்படியே நிறுத்திவைத்திருப்பார். திறந்ததும், "ம்... போ" என்பார்.

அன்று சாயங்காலம் வீல்சேரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். 4 மாதத்துக்குப் பிறகு தெருவைப் பார்க்கிறார். பூக்காரம்மா நின்று பேசிவிட்டு, காசு வாங்காமல் ஒரு முழம் மல்லிகையை மடியில் வைத்துவிட்டுப் போனார். வலது கையால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பூவை என்னிடம் கொடுத்துத் தலையில் வைத்துவிடச் சொன்னார்.

அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "எங்க ஒன் போனு? இப்ப எடு."